நீலக் கல்லும் உப்புக் காத்தும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கல. ஆணி அதிகம் மக்களே. ஆனா போன மாசம் பார்த்த ஒரு விஷயம் மனசை அரிச்சுக்கிட்டே இருக்கு. இன்னைக்கு மேட்டரும் அரிப்புதான் :-)

நான் படிக்கிற ஊர் ஃப்ளோரிடாவில் கடலோரம். பக்கத்திலேயே சின்ன விமானங்கள் நிக்கிற குட்டி ஏர்போர்ட். வேடிக்கை பார்க்கப் போன நான், அங்கே ஒரு மெக்கானிக்குக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற எடுபிடி ஆயிட்டேன். சம்பளம் ஒரு காபி.

எழுபது தாண்டின ஒரு பெரியவர் அங்கே நாலு பேர் உட்காரும் விமானம் வெச்சிருக்கார். கண் ஆபரேஷனுக்கு அப்புறம் ஒரு வருஷமா பறக்கல. ஆனாலும் ஞாயிறு தவறாம வந்து, பத்து நிமிஷம் எஞ்சினை ஓடவிட்டு, துணியால துடைச்சுட்டுப் போவார். போன மாசம் சிலிண்டரைக் கழட்டினா, உள்ளே கேம்ஷாஃப்ட் முழுக்கத் துருப்புள்ளி. எஞ்சினையே பிரிக்கணும்னு சொன்னதும், "வாராவாரம் ஓட்டினேனேப்பா" என்றார். அந்தக் குரல்தான் என்னைப் பழைய சரித்திரத்தைத் தேட வெச்சது.

மழைக்காலத்தில் வீட்டு உப்பு ஜாடி நீர்த்துப் போகும் இல்லையா? கடற்கரைக் காத்திலே இருக்கிற உப்பும் அதே மாதிரி ஈரத்தை இழுத்து வெச்சுக்கிட்டு உலோகத்தைத் தின்னும். விமானத்தின் உடம்புக்கு மருந்து சீக்கிரமே கிடைச்சது. 1923-ல் பிரிட்டனில் பெங்கோ, ஸ்டூவர்ட் என்ற இருவர், கடல் விமானங்களின் டியூராலுமின் பாகங்களைக் குரோமிக் அமிலத்தில் மின்சாரம் பாய்ச்சி, மேலே ஒரு காப்புப் படலம் வளர்க்கக் கண்டுபிடிச்சாங்க. அதுதான் அனோடைசிங். 1927-ல் அமெரிக்காவின் அல்கோவா கம்பெனியைச் சேர்ந்த டிக்ஸ், உறுதியான அலுமினியக் கலவைத் தகட்டுக்கு இரண்டு பக்கமும் சுத்த அலுமினியத்தால் சட்டை போட்டார். பேரு அல்கிளாட்.

எஞ்சினுக்குள்ளே இந்த வித்தை எதுவும் நடக்காது. சிலிண்டர் சுவரும் கேமும் ஒண்ணோட ஒண்ணு உரசற வெறும் இரும்பு. பெயின்ட் அடிக்க முடியாது. எண்ணெய்ப் படலம்தான் ஒரே சட்டை, அதுவும் நிறுத்தி வெச்சா வழிஞ்சு இறங்கிடும்.

இரண்டாம் உலகப்போரில் இது பெரிய தலைவலியாச்சு. எஞ்சின்கள் கப்பலில் வாரக்கணக்கா கடல் தாண்டிப் போகணும். முதலில் உள்ளேயும் வெளியேயும் கெட்டி கிரீஸ் அப்பி அனுப்பினாங்க. போய்ச் சேர்ந்த இடத்தில் அதை வழிச்சு எடுக்கறதுக்குள்ளே ஆளுக்குத் தாவு தீர்ந்துடும். அப்புறம் வந்தது குட்இயர் கம்பெனியின் ப்ளியோஃபிலிம். கண்ணாடி மாதிரி தெரியற ரப்பர் தாள். எஞ்சினை அப்படியே அந்தப் பைக்குள்ளே வெச்சு, கூடவே சிலிக்கா ஜெல் மூட்டைகளையும் போட்டு, காத்தை உறிஞ்சி ஒட்டிட்டாங்க.

செருப்பு டப்பாவில் 'தின்னாதே'ன்னு எழுதி வருமே, அதே சிலிக்கா ஜெல்தான்! பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பேராசிரியர் வால்டர் பாட்ரிக் 1919-ல் இதைத் தயாரிக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அவர் வேலை ஆரம்பிச்சது முதல் உலகப்போரின் விஷவாயு முகமூடிக்காக. மனுஷன் மூச்சுக்குச் செஞ்சது, அடுத்த போரில் எஞ்சினுக்கு ஆச்சு.

இன்னைக்குச் சின்ன விமானத்திலும் அதேதான். நிறுத்தி வைக்கணும்னா பாதுகாப்பு எண்ணெய் ஊத்தி ஓட்டிட்டு, மேல் ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி அந்த ஓட்டையில் சிலிக்கா ஜெல் நிரப்பின பிளக்கைத் திருகணும். கோபால்ட் குளோரைடு கலந்த கல், காஞ்சிருந்தா நீலம், ஈரம் குடிச்சா பிங்க்.

அப்போ பெரியவர் செஞ்ச தப்பு என்ன? ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியா உருவாகும். அதிலே கொஞ்சம் பிஸ்டனைத் தாண்டி எண்ணெய்க்குள்ளே இறங்கும், கூடவே அமிலமும். நல்லாப் பறந்து எண்ணெய் 165 டிகிரி ஃபாரன்ஹீட்டாவது தொட்டு அப்படியே நின்னாத்தான் அது ஆவியாகி வெளியே போகும். தரையில் பத்து நிமிஷம் போதாது. லைகமிங் கம்பெனியின் சர்வீஸ் லெட்டரே, தரையில் ஓட்டறது துருவைக் குறைக்காது, கூட்டத்தான் செய்யும்னு சொல்லுது. ஈரப்பதம் அதிகமான இடத்தில் புது எஞ்சின் ரெண்டே நாளில் துருப்பிடிக்கலாம்னும் அதிலே இருக்கு. வாராவாரம் அவர் பாசமா தண்ணிதான் ஊத்தியிருக்கார்.

இதை அவர்கிட்ட யார் சொல்றது? மெக்கானிக் என்னைப் பார்த்தார், நான் காபியைப் பார்த்தேன். கடைசியில் மெக்கானிக்தான் சொன்னார். பெரியவர் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "அந்த நீலக் கல் என்ன விலை?" என்றார்.

எஞ்சின் இப்போ ஓவர்ஹாலுக்குப் போயிருக்கு. திரும்பி வந்ததும் நாலு பிளக்கிலும் நிறம் பார்க்கிற வேலை எனக்கு. போன ஞாயிறும் வழக்கம்போல வந்தார். எஞ்சின் இல்லாத விமானத்தில் ஏறி, பத்து நிமிஷம் உட்கார்ந்துட்டு, துடைச்சுட்டுப் போனார்.