கம்பளிச் சட்டையும் ஒரு வீரரின் மறுப்பும்

கம்பளி என்றவுடன் குளிர்காலம் நம் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால், பிரான்சு நாட்டிலே, ஜூலை மாதத்துக் கோடை வெயிலில், நாள்தோறும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சைக்கிள் மிதித்த பந்தய வீரர்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கம்பளி உடையையே விரும்பி அணிந்தனர். இஃது அறியாமையால் நேர்ந்ததன்று. அனுபவம் கற்பித்த பாடமாகும்.

'பிரான்சுச் சுற்று' எனப்படும் அப்பந்தயத்தை 1903-ஆம் ஆண்டில் 'லோட்டோ' என்னும் பத்திரிகை தொடங்கியது. 1910-இல் 2,115 மீட்டர் உயரமுள்ள தூர்மலே கணவாயும் பாதையில் சேர்க்கப்பட்டது. 1919-இல் ஒரே கட்டத்தின் தொலைவு 482 கிலோமீட்டர். வைகறைக் குளிரில் புறப்பட்டவர் நண்பகலில் வெந்து, மலையேறும்போது வியர்த்து, இறங்கும்போது குளிர்காற்றில் நடுங்குவார். புறப்பட்டபோது அணிந்திருந்த உடை முழுவதும் முடிவிலும் இருத்தல் வேண்டும் என்பது அக்காலத்து விதி. இவ்விதியால் எழுந்த பூசலில், 1924-இல் ஆன்ரி பெலிசியே என்னும் பெருவீரர் பந்தயத்தையே விட்டு விலகினார். ஆகவே, வெயிலுக்கும் மழைக்கும் ஒருங்கே உதவும் துணி அவர்களுக்குத் தேவைப்பட்டது.

கம்பளி இழையின் மேற்புறம் நீரை எளிதில் ஏற்காது; உட்புறமோ நீராவியை உறிஞ்சும். தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை ஏற்றபின்னும் அது தொடுவதற்கு நனைந்ததாகத் தோன்றாது. ஈரத்தை உறிஞ்சும்போது சிறிது வெப்பத்தையும் வெளிவிடும். இழைகள் இயல்பாகவே சுருண்டிருப்பதால் அவற்றிடையே காற்று தங்குகிறது. பருத்தியோ, நனைந்தால் உடலோடு ஒட்டி வெப்பத்தைக் கவர்ந்துவிடும்.

இனி நம் கதைக்கு வருவோம். பந்தயத்தில் முன்னணியில் இருப்பவருக்கு மஞ்சள் சட்டை அணிவிக்கும் வழக்கம் 1919-இல் ஏற்பட்டது. 1947-இல் 'சோபில்' என்னும் செயற்கை நூல் நிறுவனம் இச்சட்டைக்கு ஆதரவளிக்க முன்வந்தது. சட்டையிலும் செயற்கை நூல் கலந்தது. அந்த ஆண்டுகளில் லூயிசோன் பொபே என்னும் இளைஞருக்கு அச்சட்டை கிடைத்தது. பிரித்தானிப் பகுதியைச் சேர்ந்த ரொட்டிக் கடைக்காரரின் மகன் அவர். வயது இருபதுகளின் தொடக்கம். எவரும் ஏங்கும் அப்பரிசை அவர் அணிய மறுத்துவிட்டார்! வெயிலிலும் புழுதியிலும் நெடுநேரம் வியர்ப்பவனுக்குத் தூய கம்பளியே உடல்நலம் தரும் என்பது அவர் வாதம்.

பந்தய இயக்குநர் ஜாக் கொடே திகைத்தார். செய்தி வெளியானால் நிறுவனத்தின் நற்பெயர் கெடும், ஒப்பந்தமும் முறியும். இரவின் பெரும்பகுதி அவருடன் வாதாடியதாகக் கொடே பின்னாளில் கூறியுள்ளார். பொபே மரியாதை தவறவில்லை, கொள்கையையும் விடவில்லை. இறுதியில், செயற்கை நூல் கலவாத வேறு சட்டையை நிறுவனமே செய்து தந்தது. பொபே 1953, 1954, 1955 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ந்து அப்பந்தயத்தில் வெற்றி கண்டார்.

கம்பளிக்குக் குறைகளே இல்லையா? உண்டு. பெருமழையில் அது கனத்துத் தொங்கும், மெல்ல உலரும், தவறாகத் துவைத்தால் சுருங்கும். எனவே செயற்கை இழைகள் திருந்தியபின், 1970-களுக்குப் பிறகு, பந்தயக் களத்தில் கம்பளி பின்வாங்கியது. ஆயினும் அது மறையவில்லை. மெரினோ ஆட்டின் மெல்லிய கம்பளியை நெடும்பயணச் சைக்கிளோட்டிகளும் மலையேறுவோரும் இன்றும் நாடுகின்றனர். பல நாள் அணிந்தாலும் அதில் துர்நாற்றம் எளிதில் எழுவதில்லை.

மாணவர்களே, புதியது என்பதனால் ஒன்றை ஏற்கவும் வேண்டா. பழையது என்பதனால் தள்ளவும் வேண்டா. விளம்பரம் ஒன்று சொல்லலாம். உழைக்கும் உடல் வேறொன்று சொல்லலாம். உடல் சொன்னதைக் கேட்டு, அதனைப் பணிவோடும் உறுதியோடும் எடுத்துரைத்தார் அவ்விளைஞர். அந்த மஞ்சள் சட்டையைவிட அவருக்கு அழகு செய்தது அத்துணிவேயாம்.