குறையையே கண்ணாக்கியவர்கள்

மூளையைக் காக்க இயற்கை எழுப்பிய கோட்டை கபாலம். அக்கோட்டையே மூளையைக் காண விழைந்த மருத்துவரையும் வெளியே நிறுத்தியது. 1895இல் ராண்ட்கன் கண்டறிந்த எக்ஸ் கதிர் எலும்பைக் காட்டியதேயன்றி, உள்ளிருக்கும் மென்மையான மூளையைப் பிரித்துக் காட்டவில்லை. ஆகவே 1919இல் வால்டர் டேண்டி என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர் கடுமையானதொரு வழியைக் கையாண்டார். தண்டுவடத்தைச் சூழ்ந்த நீரைச் சிறிது வடித்து, அவ்விடத்தில் காற்றைச் செலுத்தினார். காற்று நிரம்பிய மூளை அறைகளின் வடிவம் படத்தில் நிழலாகத் தெரிந்தது. கடுந்தலைவலியும் வாந்தியும் நோயாளி அதற்குத் தந்த விலை. 1971இல் லண்டனில் சி.டி. ஸ்கேன் வரும்வரை அரை நூற்றாண்டுக் காலம் இம்முறை வழக்கிலிருந்தது. சி.டி.யும் எக்ஸ் கதிரையே நம்பியது.

மற்றொரு பாதை இயற்பியலில் ஏற்கெனவே திறந்திருந்தது. 1946இல் ஃபெலிக்ஸ் பிளாக்கும் எட்வர்ட் பர்செல்லும் தனித்தனியே அதைக் கண்டனர். நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுவின் கரு, அதாவது புரோட்டான், நுண்ணிய காந்தம் போன்றது. வலிய காந்தப் புலத்தில் அது தலையாட்டும் பம்பரமாகிறது. புலத்தின் வலிமை 1 டெஸ்லா எனில், வினாடிக்கு ஏறத்தாழ 4 கோடியே 26 லட்சம் முறை அவ்வாறு சுற்றும். அதே அதிர்வெண்ணில் வானொலி அலையைச் செலுத்தினால், புரோட்டான்கள் ஆற்றலை ஏற்று நிலை மாறும். அலை நின்றதும் சைகை ஒன்றை எழுப்பியவாறு பழைய நிலைக்குத் திரும்பும். அவ்வாறு திரும்பும் காலம் மூளையின் வெண்பகுதியில் குறைவு. சாம்பல் பகுதியில் மிகுதி. மூளையைச் சூழ்ந்த நீரில் இன்னும் மிகுதி. படத்தில் நாம் காணும் கறுப்பு வெள்ளை வேறுபாட்டிற்கு இதுவே முதன்மைக் காரணம். எலிகளின் புற்றுத் திசுவில் இக்காலம் வேறுபடுவதை 1971இல் ரேமண்ட் டமேடியன் என்னும் மருத்துவர் வெளியிட்டார்.

ஆயினும் சைகை எவ்விடத்திலிருந்து வருகிறது என்பதை அறிய வழியில்லை. அச்சோதனையைப் பிறர் மீண்டும் செய்ததை நேரில் கண்ட வேதியியலாளர் பால் லாட்டர்பரை இக்கேள்வி ஆட்கொண்டது. அதுவரை ஆய்வாளர் பெரும்பாலோர் காந்தப் புலம் எங்கும் சீராக இருக்கவே பாடுபட்டனர். ஏற்றத்தாழ்வு அவர்களுக்குப் பெருங்குறை. லாட்டர்பரோ அவ்வேற்றத்தாழ்வை வேண்டுமென்றே உண்டாக்கினார். புலம் இடத்திற்கு இடம் மாறினால் அதிர்வெண்ணும் மாறும். அதிர்வெண்ணே இடத்தின் முகவரியாகும். நீர் நிரப்பிய இரு சிறு குழாய்களை அவர் இவ்வாறு படமாக்கினார். முதலில் மறுக்கப்பட்ட அக்கட்டுரை 1973இல் நேச்சர் இதழில் வெளிவந்தது. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் பீட்டர் மான்ஸ்ஃபீல்ட் இதற்குக் கணித வடிவம் தந்து, 1977இல் மிக விரைந்து படமெடுக்கும் வழியும் கண்டார். அதே ஆண்டு ஜூலை 3 அன்று டமேடியன் குழுவினர் மனித மார்பின் ஒரு குறுக்குவெட்டைப் படமாக்க ஏறத்தாழ ஐந்து மணி நேரமாயிற்று.

2003இல் நோபல் பரிசு லாட்டர்பருக்கும் மான்ஸ்ஃபீல்டுக்கும் கிடைத்தது. மூவர் வரை பகிரக்கூடிய பரிசில் ஓர் இடம் வெறுமையாக இருந்தது. டமேடியன் நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் தந்து முறையிட்டார், பயன் விளையவில்லை. 2022இல் அவர் மறைந்தார். இடமறியும் வழியின்றிப் படமில்லை என்பதால் லாட்டர்பரின் முதன்மையை நாம் ஏற்கிறோம். ஆயினும் திசுக்களிடையே தேடத்தக்க வேறுபாடு உண்டென மருத்துவ உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தவரை அவ்விடத்தில் அமர்த்தியிருக்கலாம் என்பதே நம் எண்ணம்.

குறையைப் பயனாக்கிய கதை அத்துடன் முடியவில்லை. ஆக்சிஜனை இழந்த குருதி தன்னருகே காந்தப் புலத்தைச் சற்றே குலைக்கும். அக்குலைவையே அடையாளமாகக் கொண்டு, மூளையின் செயல்பாட்டைப் பின்தொடரலாம் என 1990இல் ஜப்பானியரான செய்ஜி ஒகாவா காட்டினார். காற்றைச் செலுத்தி மூளையறையின் நிழலைத் தேடிய மருத்துவம், சிந்திக்கும் மூளையில் குருதி பாய்வதை ஊசி முனையும் படாமல் காணத் தொடங்கியது இவ்வாறுதான்.