இராமநாதபுரம் மாவட்டம்: கல்லில் நிற்கும் நம் வரலாறு

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

இராமநாதபுரம் நகருக்குத் தெற்கே சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில் திருப்புல்லாணி என்னும் ஊர் உள்ளது. வைணவப் பெருமக்கள் போற்றும் 108 திருப்பதிகளுள் ஒன்றான ஆதி ஜெகநாதப் பெருமாள் கோயில் அங்கேதான் இருக்கிறது. அக்கோயிலின் கல்வெட்டுகளுள் ஒன்று ஒரு பள்ளிவாசலைப் பற்றியது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 13-ஆம் நூற்றாண்டில் ஆண்ட பாண்டிய மன்னர், பவித்திரமாணிக்கப்பட்டினத்தின் கிழக்குப் பகுதியில் இருந்த ‘சோனகச் சாமந்தப் பள்ளி’யான ‘பிழார்ப்பள்ளி’க்கு நிலத்தை இறையிலியாக விட்டுக்கொடுத்த ஆணை அது. சோனகர் என்றால் அரபியரும் அவர்தம் வழிவந்தோரும். இறையிலி என்றால் அரசுக்கு வரி செலுத்த வேண்டாத நிலம். பவித்திரமாணிக்கப்பட்டினம் என்பது இன்றைய பெரியபட்டினமே என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

இதனைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு பள்ளிவாசலின் மானிய ஆவணம் பெருமாள் கோயில் கல்லில் வெட்டப்பட்டு, எழுநூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பத்திரமாக இருந்து வந்திருக்கிறது. அக்கோயிலைக் காத்துவந்தவர்கள் ‘இது நம் சமயத்தைச் சேர்ந்ததன்று’ என்று கருதி அதைச் செதுக்கி எறிந்துவிடவில்லை. நம் முன்னோர் இம்மண்ணில் வேரூன்றி வாழ்ந்தமைக்கு இதைவிட வலுவான சாட்சியம் வேறென்ன வேண்டும்?

பெரியபட்டினம் அக்காலத்தில் பெருந்துறைமுகம். பாரசீக வளைகுடாவின் கீஷ், ஹுர்முஸ் துறைகளிலிருந்து பாண்டிய நாட்டுக்குக் கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்திறங்கியதை மார்க்கோ போலோவும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபும் எழுதியிருக்கின்றனர். கிழக்கே சீனத்திலிருந்து வந்த பீங்கான் கலங்களின் உடைந்த சில்லுகள் பெரியபட்டினத்து மண்ணில் ஏராளமாகக் கிடைத்தன. 1980-களில் ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராஷிமாவும் தமிழகத் தொல்லியலாளர்களும் அவற்றை ஆராய்ந்தனர். அவற்றுள் பெரும்பாலானவை 13, 14-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை.

மொராக்கோ நாட்டு யாத்ரீகர் இப்னு பதூதா (ரஹ்) 14-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், மதுரை சுல்தான்களின் ஆட்சிக் காலத்தில், இக்கடற்கரைக்கு வந்தார். ‘ஃபத்தன்’ என்று அவர் குறிப்பிடும் துறைமுகத்தில், கடலுக்குள் பருத்த மரக்கால்கள் நட்டு அமைத்த பெரிய மண்டபம் ஒன்றையும், அதற்குச் செல்லக் கூரையுடன் கூடிய மரப்பாதையையும் கண்டதாக எழுதுகிறார். கல்லால் கட்டிய அழகிய பள்ளிவாசல் ஒன்றையும் அங்கே கண்டார். திராட்சையும் நல்ல மாதுளையும் அவ்வூரில் கிடைத்தன என்பதையும் மறவாமல் குறித்து வைத்திருக்கிறார்! ஃபத்தன் என்பது பெரியபட்டினமே என்போரும், தேவிபட்டினம் முதலிய வேறு ஊர்களைச் சொல்வோரும் உண்டு. பட்டினம் என்னும் சொல்லே அரபி நாவில் ஃபத்தன் ஆயிற்று என்பதில் ஐயமில்லை. இக்கரையில் பட்டினங்களுக்கா பஞ்சம்?

இக்கடல் வாணிகம் இஸ்லாத்துக்கும் முற்பட்டது. வைகை கடலோடு கலக்கும் இடத்துக்கு அருகில் உள்ள அழகன்குளத்தில் 1986 முதல் தமிழக அரசின் தொல்லியல் துறை பலமுறை அகழாய்வு நடத்தியது. உரோம நாட்டுக் காசுகளும் மட்கலங்களும் கிடைத்தன. பானை ஓடு ஒன்றில் கப்பலின் உருவம் கீறப்பட்டிருந்தது. அரபியர் புதிதாக ஒரு வழியைத் திறந்துகொண்டு வரவில்லை. ஏற்கெனவே உலகம் வந்து போய்க்கொண்டிருந்த துறைகளுக்கே அவர்களும் வந்தனர்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் கடற்கரை ஊர்கள் பலவற்றில் ‘எங்கள் பள்ளி நபித்தோழர் காலத்தது’ என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது. அன்பின் மிகுதியால் சொல்கிறார்கள். ஆயினும் மதரஸாவில் ஹதீஸ் பாடம் ஓதிய எவரும் முதலில் கேட்பது ‘இதன் ஸனது என்ன?’ என்பதே. அறிவிப்பாளர் தொடர் இல்லாத செய்தியை ஹதீஸில் ஏற்காத நாம், வரலாற்றில் மட்டும் ஏன் ஏற்க வேண்டும்? வாய்மொழி மரபை எள்ளி நகையாட வேண்டியதில்லை. கல்லில் இல்லாத ஆண்டைப் பெயர்ப்பலகையில் எழுதிவைக்கவும் வேண்டியதில்லை. பிழார்ப்பள்ளிக் கல்வெட்டு ஒன்றே நம்மைத் தலைநிமிரச் செய்யப் போதுமானது.

போர்த்துக்கீசியர் வந்த பின்னர் இக்கடலில் அமைதி குலைந்தது. முத்துக்குளிப்பையும் கப்பல் வாணிகத்தையும் தம் பிடிக்குள் கொண்டுவர அவர்கள் முயன்றனர். 1538-இல் மண்டபத்துக்கு அருகில் உள்ள வேதாளையில், கோழிக்கோடு சாமூதிரியின் கடற்படைத் தலைவர்களான மரக்கார்களுக்கும் அவர்களுக்கும் கடும்போர் மூண்டது. அதில் மரக்கார்கள் தோற்றனர். இன்று வேதாளை வழியாக இராமேசுவரம் செல்லும் பேருந்துகளில் இருப்போர், அச்சாலையோரக் கடல் ஒரு காலத்தில் போர்க்களமாய் இருந்ததை அறியார்.

அத்தோல்விக்குப் பின்னும் மரைக்காயர்களின் வாணிகம் மடிந்துவிடவில்லை. 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கீழக்கரையில் அது உச்சத்தை எட்டியது. ஷெய்கு அப்துல் காதிர் என்னும் இயற்பெயர் கொண்ட வள்ளல் சீதக்காதி அக்காலத்தவர். கிழவன் சேதுபதி மன்னரின் உற்ற நண்பர். டச்சுக் கும்பினியாரின் பதிவேடுகள் ‘பெரியதம்பி மரைக்காயர்’ என்னும் பெயரால் அவரைத் தங்களின் வலுவான வாணிகப் போட்டியாளராகக் காட்டுகின்றன. ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்னும் சொல்வழக்கை அறியாத தமிழர் இலர். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரை ஆதரித்தவரும், புலமைக் கடலான சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களைப் பெரிதும் மதித்தவரும் அவரே.

அவர் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் கீழக்கரைப் பெரிய ஜும்ஆப் பள்ளியை நம் பிள்ளைகளுக்கு ஒருமுறையேனும் காட்ட வேண்டும். சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களின் அடக்கத்தலமும் அவ்வளாகத்திலேயே உள்ளது. குவிமாடத்தை எதிர்பார்த்துச் செல்பவர் ஏமாந்து போவார். முழுவதும் கல். வரிசை வரிசையாகச் சதுரமும் பட்டையுமாய்ச் செதுக்கிய தூண்கள், அவற்றின்மேல் பூமொட்டுத் தொங்கும் போதிகைகள், அதற்குமேல் கற்பலகைகளைப் பரப்பிய தளம். கோயில் மண்டபங்களைக் கட்டிய அதே மரபைச் சேர்ந்த கல்தச்சர்களின் கைவேலை இது. ஆனால் உருவம் ஒன்றுகூட இல்லை. மனித உருவும் விலங்குருவும் வர வேண்டிய இடங்களில் பூவும் கொடியும் கட்டங்களும் வந்திருக்கின்றன. மார்க்கத்தின் வரம்பைக் கட்டுவித்தவர் விட்டுக்கொடுக்கவில்லை. தச்சரும் தம் கலையை விட்டுக்கொடுக்கவில்லை. தமிழ் முஸ்லிம் என்னும் சொல்லுக்குப் பொருள் கேட்போரை அத்தூண்களின் நடுவே கொண்டுபோய் நிறுத்தினால் போதும்.

அதே கிழவன் சேதுபதி காலத்தைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் இராமலிங்க விலாசம் அரண்மனை இராமநாதபுரத்தில் இருக்கிறது. அதன் சுவரோவியங்களில் சேதுபதியின் அரசவையும் போர்க்காட்சிகளும், ஐரோப்பியர் மன்னரைக் காண வருவதும் தீட்டப்பட்டுள்ளன. தொல்லியல் துறை அதனைப் பாதுகாத்து வருகிறது. சேதுபதிகள் கோயில்களுக்கு மட்டுமன்றி, ஏர்வாடி தர்கா உள்ளிட்ட நம் தலங்களுக்கும் நிலமானியம் வழங்கினர். அச்செப்பேடுகளைத் தேடித் தொகுத்து ‘சேதுபதி மன்னர் செப்பேடுகள்’ என்று நூலாக்கித் தந்தவர் நம் மாவட்டத்து வரலாற்றறிஞர் டாக்டர் எஸ்.எம். கமால். அவர் இப்பணியைச் செய்யாதிருந்தால் நாம் இன்று பேசும் செய்திகளில் பாதி நமக்குத் தெரிந்திராது. அம்மரபில் தன்னாட்சி நடத்திய கடைசி மன்னர் முத்துராமலிங்க சேதுபதி. கும்பினியார் 1795-இல் அவரைப் பதவி நீக்கிச் சிறையிட்டனர். 1809-இல் சென்னையில் சிறைக்காவலிலேயே அவர் மறைந்தார்.

கல்வித்துறையில் கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்களை (1816–1898) விட்டுவிட இயலாது. அரபியிலும், தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழிலும் அவர் எழுதிய நூல்கள் பல. நம் பாட்டிமார் தொழுகைச் சட்டங்களைக் கற்றது அரபுத்தமிழ் ஏடுகளிலிருந்தே. அந்த ஏடுகள் இன்று எத்தனை வீடுகளின் பரணில் கறையானுக்கு இரையாகின்றனவோ!

1910-இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து உருவாக்கிய இம்மாவட்டம் 1985-இல் மூன்றாகப் பிரிந்தது. இராமேசுவரம் கோயிலின் நெடும்பிராகாரம், ஓரியூரில் 1693-இல் உயிர்நீத்த அருளானந்தரின் திருத்தலம், 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடி, 1914-இல் திறந்த பாம்பன் பாலம், அதற்குப் பதிலாக 2025-இல் திறந்த புதிய பாலம், பேய்க்கரும்பில் டாக்டர் அப்துல் கலாம் அவர்களின் நினைவிடம் ஆகியவற்றைப் பற்றிப் பிறர் நிறைய எழுதியிருக்கின்றனர். ஆதலின் நாம் விரிக்கவில்லை.

இத்தனையும் ஏன் எழுதினோம் என்றால், நம் பள்ளியின் பழைய முன்மண்டபத்தை அகற்றிவிட்டு விரிவாக்கும் பேச்சு பொதுக்குழுவில் எழுந்திருக்கிறது. ஜும்ஆவுக்கு இடம் போதவில்லை என்பது உண்மை. வெயிலில் நின்று தொழும் பெரியவர்களை நாமே வாரந்தோறும் காண்கிறோம். விரிவாக்கம் வேண்டாம் என்று சொல்ல நாம் வரவில்லை. ஆனால், நாம் முன்னர் இமாமத் செய்த கடற்கரை ஊர் ஒன்றில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அங்கே பழைய பள்ளியை இடித்தபோது கல்தூண்கள் லாரியில் ஏற்றப்பட்டு, அஸ்திவாரத்துக்கு நிரப்புக் கல்லாகப் போயின. மையவாடியைச் சமப்படுத்தியபோது எழுத்து வெட்டிய மீஸான் கற்கள் தளத்துக்கு அடியில் புதைந்தன. இன்று அவ்வூரின் தொன்மைக்குச் சான்று கேட்டால், காட்டுவதற்குப் பளிங்குத் தரையும் மினாராவும் மட்டுமே இருக்கின்றன. பெருமாள் கோயிலில் நம் கல்வெட்டு பத்திரமாக இருக்க, நம் பள்ளியில் நம் கல்லை நாமே உடைப்பதா?

ஆகவே நிர்வாகக் குழுவினரிடம் நாம் வேண்டுவது இதுதான். கொத்தனார் வருமுன் தொல்லியல் அறிந்தவர் ஒருவர் வரட்டும். எழுத்துள்ள கல் எதுவாயினும் படியெடுத்துப் புகைப்படமும் எடுக்க வேண்டும். முன்மண்டபத்தின் தூண்களைப் பெயர்க்க நேர்ந்தால் எண்ணிட்டுப் பெயர்த்து, புதிய மண்டபத்தின் வெளிவரிசையில் மீண்டும் நிறுத்தலாம். இதற்குச் செலவு கூடும் என்பதை அறிவோம். அந்தக் கூடுதல் தொகையைத் தனிவசூலாகத் திரட்டித் தர, வெளிநாட்டில் வாழும் நம் சகோதரர்கள் சிலர் முன்வந்துள்ளனர்.

ஹவுளின் வடகரையில், உளூச் செய்வோர் கால் வைக்கும் படியாகக் கவிழ்ந்து கிடக்கும் நீண்ட கல்லை எல்லோரும் அறிவீர்கள். அதன் ஓரத்தில் இரண்டொரு எழுத்துகள் விரலுக்குத் தட்டுப்படுகின்றன. முத்தவல்லி அவர்களின் அனுமதியுடன், வரும் ஷஅபான் மாதத்தின் முதல் ஞாயிறன்று ஃபஜ்ரு தொழுகைக்குப் பின் அதனைப் புரட்டிப் பார்க்க இருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். கடப்பாரையும் கயிறும் பள்ளியிலேயே இருக்கின்றன. ஆறேழு இளைஞர்கள் வந்தால் போதும்.