கொட்டகை விளக்கும் ஏரிக்கரை விளக்கும்

சென்னை மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகிற சாலை, பெரும்பாக்கம் ஏரிச் சதுப்பு நிலத்தை ஒட்டிச் செல்கிறது. அங்கே விடிய விடிய வெள்ளை எல்.இ.டி. எரிகிறது. நாமக்கல் முட்டைக்கோழிக் கொட்டகைகளிலும் பொழுது சாய்ந்ததும் பல்பு போடுகிறார்கள். இரண்டு இடத்திலும் பறவை மேல்தான் வெளிச்சம் விழுகிறது. கொட்டகையில் அது மருந்து மாதிரி அளந்து தரப்படுகிறது. சாலையில் அளப்பார் இல்லை.

பண்ணைக்காரரிடம் பேசிப் பார்த்தால் அந்தக் கணக்கு புரியும். வளரும் விடலைக் கோழிக்கு வெளிச்ச நேரத்தைக் கூட்டக் கூடாது. முட்டையிடத் தொடங்கிய கோழிக்குக் குறைக்கக் கூடாது. 18 வாரம் கடந்தபின் கொஞ்சங் கொஞ்சமாக ஏற்றி 16 மணி நேரத்தில் நிறுத்துவார்கள். நம் ஊரில் சூரியனே 12 மணி நேரம் தந்துவிடுவதால் மீதி 4 மணி நேரத்துக்குத்தான் கரண்ட் செலவு. தீவனத் தொட்டி மட்டத்தில் 10 முதல் 20 லக்ஸ் வெளிச்சம் இருந்தால் போதும். அவசரப்பட்டு ஏற்றினால் உடம்பு முற்றாத கோழி சின்ன முட்டையாகப் போடும். ஆசனவாய் வெளித்தள்ளிச் செத்தும் போகும்.

நிறத்துக்கும் அங்கே காரணம் உண்டு. 1930களில் பிரான்சில் ழாக் பெனுவா, கண் நீக்கப்பட்ட வாத்துகளுக்கும் வெளிச்சம் பட்டால் விரை வளர்வதைக் காட்டினார். பறவையின் மூளையே, குறிப்பாக ஹைப்போதலாமஸ், ஒளியை உணர்கிறது. இறகு, தோல், மண்டையோடு எல்லாவற்றையும் ஊடுருவி அதிகம் உள்ளே போவது சிவப்பு. அதனால் முட்டைக்குச் சிவப்பு கலந்த ஒளி. சிவப்பில் ஒன்றையொன்று கொத்துவதும் குறையும். விழித்திரையில் படும் பச்சையோ இனப்பெருக்கத்தை அடக்கப் பார்க்கிறது என்கின்றன இஸ்ரேலில் ரோசன்போயிம் குழுவினர் செய்த ஆய்வுகள். கறிக்கோழி வளர பச்சையும் நீலமும் உதவும்.

இந்த விதியை அப்படியே ஏரிக்கரைக்குத் தூக்கிவர முடியாது. நெதர்லாந்துக் காடுகளில் வெள்ளை, பச்சை, சிவப்பு விளக்குகளைத் தனித்தனியே நட்டுப் பார்த்தார்கள். 2013இல் வெள்ளையிலும் பச்சையிலும் பட்டாணிக் குருவிகள் இருட்டில் இருந்தவற்றைவிட முந்தி முட்டையிட்டன. அடுத்த ஆண்டு அந்த வித்தியாசமே இல்லை. போதாக்குறைக்கு, 2010இல் ஜப்பானியக் காடையின் மூளையில் கண்டறிந்த ஆப்சின் 5 என்ற ஒளியுணர் புரதம், சிவப்புக்கு அல்ல, புற ஊதாவுக்கு விழிக்கிறது. ஆகவே ‘வெள்ளையை எடுத்து மஞ்சள் போடு, தீர்ந்தது’ என்பவர்களை நான் நம்பத் தயாரில்லை.

அளவு விஷயத்தில் இந்தக் குழப்பம் குறைவு. பௌர்ணமி நிலவே 0.3 லக்ஸைத் தாண்டுவது அரிது. ஜெர்மனியில் டாவிடே டொமினோனி கருங்குருவிகளுக்கு இரவெல்லாம் அந்த 0.3 லக்ஸைக் கொடுத்தார். முதல் ஆண்டு அவற்றின் விரை ஏறக்குறைய ஒரு மாதம் முந்தி வளர்ந்தது. இரண்டாம் ஆண்டு வளரவே இல்லை.

ஆனால் ஐரோப்பாவில் பகல் கோடையில் நீண்டு குளிரில் சுருங்கும். சென்னையில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒன்றரை மணி நேரந்தான் வித்தியாசம். இங்கே நீலத் தாழைக்கோழியும் இலைக்கோழியும் கூடு கட்டத் தண்ணீரையும் பார்க்கின்றன. அதனால் கருங்குருவிக்கு நேர்ந்தது இவற்றுக்கும் நேரும் என்று சொல்லமாட்டேன். இரவு வெளிச்சம் மூளையை அலைக்கழிப்பது வேறு கதை. அதற்கு அட்சரேகை கிடையாது. டெல்லியில் வினோத் குமார் ஆய்வகத்தில் மங்கிய இரவு வெளிச்சத்தில் வைத்த வீட்டுக் காகங்களிடம் மனச்சோர்வு போன்ற நடத்தை தெரிந்தது; மூளையில் மரபணுக்களின் செயல்பாடும் மாறியிருந்தது.

ஏரிக்கரையில் முதலில் வேண்டியது நிறமாற்றம் அல்ல: விளக்கின் தண்ணீர்ப் பக்கம் மறைக்க ஒரு தகடு, நள்ளிரவுக்குப் பின் பாதி வெளிச்சம். அதற்கும் முன்னால், கொட்டகையில் தீவனத் தொட்டி மட்டத்தில் பிடிக்கிற அதே லக்ஸ் மீட்டரை ஒரு ராத்திரி கோரை மட்டத்தில் பிடித்துப் பார்க்கலாம்.