கடுஞ்சூழல் வீடியோ செயலி

காமிரா, ராடார், ஸோனார், கணிப்பொறி முதலிய பல மூலங்களிலிருந்து வெவ்வேறு வடிவில் வந்து சேரும் சித்திரங்களை அளவு மாற்றி, பக்கம் பக்கமாகவோ ஒன்றின்மேல் ஒன்றாகவோ அமைத்து, ஒரே திரையில் காட்டுவதும், உஷ்ணம், அதிர்வு, தூசி, உப்புக்காற்று ஆகியவற்றைத் தாங்குவதுமான மின்னணு சாதனம் இது. டாங்கி, போர்க்கப்பல், விமானம், ஆழ்கடல் ஊர்தி ஆகியவற்றில் இது பயன்படுகிறது.

இதன் பிரதான சிரமம் காலத்தைப் பற்றியது. ஒவ்வொரு காமிராவும் தன் தாளத்திலேயே இயங்குவதால், ஒன்றின் சித்திரத்தை நினைவகத்தில் நிறுத்தி மற்றதனோடு இசைவிக்க வேண்டும். விநாடிக்கு 25 சித்திரம் தரும் பால் (PAL) என்னும் பழைய வீடியோ முறையில் ஒரு சித்திரம் காத்திருந்தால் 40 மில்லிவிநாடி கழியும். மூன்று முறை காத்திருந்தாலோ, மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் டாங்கி அதற்குள் 1.2 மீட்டர் முன்சென்றிருக்க, மூடிய கதவுக்குள்ளிருந்து ஓட்டுபவர் கடந்துபோன பாதையையே பார்த்துக்கொண்டிருப்பார். ஆகையால் முழுச் சித்திரமும் வரும்வரை காத்திராமல், வரிவரியாக வரும்போதே அதைப் பக்குவப்படுத்தும், தேவைக்கேற்ப வடிவமைத்துக்கொள்ளத்தக்க எஃப்.பி.ஜி.ஏ. சில்லுகளை அமைப்பாளர் விரும்புகின்றனர். ஒரு மூலம் அறுந்தால் கடைசிச் சித்திரம் திரையில் உறைந்து நிற்பது, திரை இருண்டுபோவதைவிட அபாயகரமானது. இருளை யாரும் நம்புவதில்லை.

விசிறி தூசியையும் உப்பையும் உள்ளிழுக்குமாதலால், பல பெட்டிகளில் உஷ்ணம் அலுமினியச் சுவர்கள் வழியே வெளியேற்றப்படுகிறது. 1962-இல் அமெரிக்க ராணுவம் வகுத்த மில்-எஸ்டிடி-810, நம் நாட்டு ஜேஎஸ்எஸ் 55555 ஆகிய விதிகளின்படி இவை சோதிக்கப்படும். ஐப்பசி மழையில் தோல் செருப்பின்மேல் பூஞ்சை படர்வதைக் கண்ட தாம்பரவாசிக்கு, பூஞ்சைச் சோதனையும் அவற்றுள் ஒன்றென்பது விநோதமாகத் தோன்றாது. மின்காந்த இடையூற்றுச் சோதனைக்குத் தரமணியிலுள்ள ஸமீர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

வேளச்சேரி–தாம்பரம் சாலையில், பள்ளிக்கரணையில், 1993-இல் தோன்றிய தேசிய சமுத்திரத் தொழில்நுட்பக் கழகத்தின் அனுபவம் இவ்விஷயத்தில் விசேஷமானது. ருஷ்ய நிபுணர்களுடன் சேர்ந்து அது உருவாக்கிய, ஆளில்லாத ரோசப் 6000 ஊர்தி, 2010-இல் மத்திய இந்துமகா சமுத்திரத்தில் 5,289 மீட்டர் ஆழத்தை எட்டியது. அவ்விருளில் விளக்கொளி சில மீட்டருக்குள்ளேயே நீரில் கரைந்துவிடுவதால், காமிராச் சித்திரம் மட்டும் போதாது. தொலைவை ஒலியால் அறியும் ஸோனாரின் பிம்பமும், ஆழமானியின் அளவும், கப்பலில் அமர்ந்து செலுத்துபவரின் கண்முன் கூடவே நிற்க வேண்டும். நீரின் பிரம்மாண்டமான அழுத்தத்தைத் தாங்குவது கீழுள்ள காமிராக் கூடு; மேலுள்ள சாதனத்துக்கு ஆட்டமும் உப்பும்தான். மூவரை ஏற்றிச் செல்லவுள்ள, அதே கழகத்தின் மத்ஸ்யா 6000 ஆழ்கடல் ஊர்தியில் இந்தப் பங்கீடு இல்லை; செலுத்துபவரும் திரையும் கீழேயே செல்ல வேண்டும். 2.1 மீட்டர் உள்விட்டமுள்ள கோளத்துக்குள் மூலத்துக்கொரு திரை வைக்க இடமேது?

இவ்வட்டாரத்து ராணுவ மின்னணுத் தொழில் நிலையங்களில், 1985-இல் தொடங்கிய டேட்டா பேட்டர்ன்ஸ் சிறுசேரியிலும், பாரத் எலெக்ட்ரானிக்ஸின் தொழிற்சாலை நந்தம்பாக்கத்திலும் உள்ளன. 1949-இல் சி. ராஜம் நிறுவிய குரோம்பேட்டை எம்.ஐ.டி.யும் மின்னணுவியல் பயிற்றும் நெடுநாளைய கல்விச்சாலையே. இச்சாதனத்தைச் செய்வோருக்கு இன்னொரு சிரமம் ஆயுளைப் பற்றியது. டாங்கி முப்பதாண்டு உழைக்க, அதன் செயலியிலுள்ள சில்லோ பத்துப் பதினைந்தாண்டில் சந்தையிலிருந்து மறைந்துவிடக்கூடுமாதலால், உற்பத்தியாளர் வேண்டியதை முன்பே வாங்கிச் சேமிக்கின்றனர். பழைய பால் காமிராவுக்கும் எஸ்.டி.ஐ. என்னும் புதிய எண்முறைக் காமிராவுக்கும் ஒரே பெட்டியில் வாயில் வைப்பதும் அதனால்தான்.