போர்த்தளபாட ஆலையும் பொறியியலாளரும்: லூக்காஸ் திட்டம் பற்றிய ஒரு நோக்கு

போர்த்தளபாட உற்பத்தி நிறுவனமொன்றில் தொழில் நாடிச் செல்லும் பொறியியலாளரிடம் நேர்முகப் பரீட்சையிலே தகைமையும் அனுபவமும் வினவப்படும். அவர் ஆக்கப்போகும் பொருள் யாருக்கு, எதற்கு என்ற வினா அங்கு பெரும்பாலும் எழுவதில்லை. அவ்வினாவைத் தொழிலாளரே எழுப்பி, அதற்கு விடையும் வகுத்த அரிய நிகழ்ச்சியொன்று 1970களிற் பிரித்தானியாவில் இடம்பெற்றது. அதுவே லூக்காஸ் திட்டமாகும்.

லூக்காஸ் ஏரோஸ்பேஸ் நிறுவனம் விமானங்களுக்கு வேண்டிய மின்பிறப்பாக்கிகள், எரிபொருட் கட்டுப்பாட்டுக் கருவிகள் முதலியவற்றை ஆக்கி வந்தது. அதன் உற்பத்தியில் ஏறத்தாழப் பாதி இராணுவத் தேவைகளைச் சார்ந்திருந்தது. நிறுவன இணைப்புகளின் பின்னர் தொடர்ந்த ஆட்குறைப்பும், பாதுகாப்புச் செலவு குறைக்கப்படலாம் என்ற நிலைமையும் தொழிலாளரை அச்சுறுத்தின. பொறியியலாளர், வரைஞர், இயந்திர வினைஞர் ஆகியோரின் வெவ்வேறு தொழிற்சங்கங்களை ஒன்றிணைத்த கூட்டுக் குழுவொன்று, 1974 நவம்பரில் தொழிற்கட்சி அரசின் கைத்தொழில் அமைச்சர் ரொனி பென்னைச் சந்தித்தது. மாற்றுத் திட்டமொன்றைத் தாமே வகுக்கும் எண்ணம் இதன்பின் உருப்பெற்றது.

தம்மிடமுள்ள திறன்களையும் இயந்திரங்களையும் கொண்டு சமூகத்துக்குப் பயன்படும் எப்பொருள்களை ஆக்கலாம் எனக் கேட்டு, பல்கலைக்கழகங்கள், நிறுவனங்கள், அறிஞர்கள் எனச் சுமார் 180 இடங்களுக்கு அக்குழு கடிதம் அனுப்பியது. விரல்விட்டு எண்ணத்தக்க மறுமொழிகளே கிடைத்தன. பின்னர் அதே வினா, வினாக்கொத்து வடிவில் ஆலைத் தொழிலாளரிடம் சென்றது. அவர்கள் உற்பத்தியாளராக மட்டுமன்றி, பொருள்களைப் பயன்படுத்துவோராகவும் நின்று சிந்திக்குமாறு அவ்வினாக்கொத்து அமைக்கப்பட்டிருந்தது.

1976 ஜனவரியில் வெளியான திட்டத்தில் ஏறத்தாழ 150 பொருள்கள் முன்மொழியப்பட்டன. சிறுநீரக இயந்திரம், வெப்பப் பம்பி, வீதியிலும் தண்டவாளத்திலும் ஓடவல்ல வாகனம், முள்ளந்தண்டுக் குறைபாட்டுடன் பிறந்த குழந்தைகள் தாமே செலுத்தத்தக்க வண்டி என்பன அவற்றுட் சில. எஞ்சினையும் மின்மோட்டரையும் இணைத்து இயக்கும் முறையும், இன்று 'ஹைபிரிட்' என நாம் அறிவது, அதில் இடம்பெற்றது.

நிறுவனம் இத்திட்டத்தை நிராகரித்தது. அரசும் உறுதியாகக் கைகொடுக்கவில்லை. 1979இல் பழைமைபேண் கட்சி ஆட்சிக்கு வந்தது. குழுவின் முன்னணியாளருள் ஒருவரான பொறியியலாளர் மைக் கூலி 1981இற் பணிநீக்கப்பட்டார். 'மாற்று நோபல் பரிசு' எனப்படும் விருது அவ்வாண்டிலேயே அவருக்குக் கிட்டியது.

இம்முயற்சியின் தொடக்கம் போர் எதிர்ப்பு மட்டுமன்று. வேலையிழப்பு அச்சமும் அதனை உந்தியது. இதனால் அதன் மதிப்புக் குறைந்துவிடாது. மனச்சாட்சிக்கு அஞ்சி ஒருவர் தனித்து விலகினால், அவரது ஆசனத்தில் வேறொருவர் அமர்வார், ஆலை மாறுவதில்லை. பிழைப்பையும் மனச்சாட்சியையும் ஒருங்கே காக்கும் வழியைத் தொழிலாளர் கூட்டாகத் தேடினர் என்பதே ஈண்டு முக்கியமானது. அவர்களது கடிதத்துக்குப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் மௌனமாயிருந்தமை, கல்வி கற்கும் நாமும் எண்ணிப் பார்க்கவேண்டியதொன்றாகும்.