கழிவுநீர்க் கசடு வறண்ட நிலத்துக்கு உரமாகுமா?

ஆந்திர மாநிலம் சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் செம்மண் நிலங்களில் கரிமச்சத்தும் ஈரத்தைத் தேக்கிவைக்கும் திறனும் குறைவு. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களில் எஞ்சும் கசடு இக்குறையை ஓரளவு ஈடுசெய்யக்கூடும். அதில் கரிமப் பொருளுடன் தழைச்சத்தும் மணிச்சத்தும் உள்ளன. சாம்பல்சத்து குறைவு என்பதால் அதைத் தனியே இட வேண்டும்.

ஆனால், கசடை அப்படியே வயலில் இடுவது ஆபத்தானது. அதில் நோய்க்கிருமிகளும் குடற்புழு முட்டைகளும் இருக்கும். முறையாக மட்கச் செய்தால் எழும் வெப்பத்தில் இவை அழியும். அகமதாபாத்தில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் தொழில்நுட்பத்துடன், நாளொன்றுக்கு 100 டன் உலர் கசடைக் கோபால்ட்-60 காமா கதிர்களால் கிருமி நீக்கும் ஆலை நிறுவப்பட்டுள்ளது. இதனால் கசடு கதிரியக்கம் கொண்டதாக மாறுவதில்லை.

கன உலோகங்களை இவ்விரு முறைகளாலும் நீக்க முடியாது. நகரக் கழிவு மட்கு உரத்தில் கிலோவுக்குக் காட்மியம் 5 மில்லிகிராமையும், ஈயம் 100 மில்லிகிராமையும் தாண்டக்கூடாது என்பது உரக் கட்டுப்பாட்டு ஆணையின் வரம்பு. எனவே, ஆலைக் கழிவுகள் நகரச் சாக்கடையில் கலப்பதைத் தடுப்பதே முதல் தேவை.

நிலக்கடலை மண்ணுக்குள் காய்ப்பதால் அதற்குக் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். பச்சையாக உண்ணும் காய்கறிகளுக்கும் இது பொருந்தும். மண்ணைத் தொடாமல் காய்க்கும் மா போன்ற மரப்பயிர்களில் இந்த அபாயம் குறைவு.